பஜ்ஜிக்கு ஒரு பை

கல்யாணமாகி டெல்லிக்குப் போகும் அக்கா மிருதுளா, எங்கள் கிழட்டு நாய் பஜ்ஜியையும் விமானத்தில் கூட்டிப்போக, ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு கடையில் பை பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிவு செய்தவள். பைக்கு இது மூன்றாவது கடை.

சீட்டுக்கு அடியில் வைக்கிற பைக்குள் பஜ்ஜி நின்றது. அதன் முதுகு பையின் கூரையைத் தூக்கியது.

"உள்ள நிமிர்ந்து நிக்கணும் மேடம். இல்லாட்டி ஏர்போர்ட்ல விடமாட்டாங்க," என்றார் கடைக்காரர் ஷாகுல்.

"இவன் வீட்லயே நிமிர்ந்து நின்னதில்லண்ணா."

"அப்பா மாதிரி," என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

ஷாகுல் பெரிய பிளாஸ்டிக் கூண்டு ஒன்றைக் காட்டினார். அதில் வைத்தால் சரக்கோடு சரக்காகத்தான் அனுப்ப வேண்டும். பஜ்ஜியின் இதயம் அதைத் தாங்காது என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

அக்கா பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். மறுபடி திறந்து பஜ்ஜியை வெளியே எடுத்தாள்.

"இங்க நம்ம செம்பாக்கம் ஏரி வரைக்கும் தினம் தூக்கிட்டுப் போற மாதிரி, தோள்ல மாட்டுற பை இருக்காண்ணா?"

ஷாகுல் எடுத்துக் கொடுத்த பையை அவள் மாட்டிப் பார்க்கவில்லை. என் தோளில் மாட்டிவிட்டு, என் உயரத்துக்கு வாரைச் சரிசெய்தாள்.