முன் சீட்டின் உயரம்

பல் டாக்டர் தன் கைப்பையில் வாய்க்குள் பார்க்கும் குட்டிக் கண்ணாடியையும், சொத்தை குத்திப் பார்க்கும் கொக்கியையும், ஒரு டார்ச்சையும் எடுத்து வைத்துக்கொண்டாள். வாசலில் அவள் கணவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். செருப்பு அவர் காலுக்கு இடப்பக்கம்தான் கிடந்தது. அவள் பார்த்தும் சொல்லவில்லை. சொன்னால் முகம் சுருங்கிவிடும். ஒருவழியாக அவரே கண்டுபிடித்து மாட்டிக்கொண்டு, அவள் பையை எட்டிப் பார்த்தார்.

"சைக்கிள் பாக்கப் போறோமா, பல்லு பிடுங்கப் போறோமா?"

"பழைய இரும்பு. உள்ள துரு இருக்கான்னு எப்படிப் பாப்பீங்களாம்?"

"பாக்க மட்டும்தான் வர்றேன். இப்பவே சொல்லிட்டேன்."

"நானும் வேற எதுக்கும் கூப்பிடலயே!"

அவர் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி வாத்தியார். நேரே இருப்பதெல்லாம் அவருக்கு இன்றைக்கும் தெளிவாகத் தெரியும். பார்வையின் ஓரங்கள்தான் மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வந்தன. போன வருடம் சாலையோரம் நின்ற ஒரு வேனில் சைக்கிளோடு போய் இடித்துவிட்டு வந்தவர், அன்றைக்கே தன் சைக்கிளைத் துடைத்து, துணி போட்டு மூடிவிட்டார். கல்யாணமான புதிதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையென்றால் இருவரும் மலைப்பாதையில்தான் இருப்பார்கள். அவர் முன்னால், அவள் பின்னால். "கல்லு!" என்பார், "பள்ளம்!" என்பார், அவள் குரலைப் பிடித்துக்கொண்டே ஓட்டுவாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஆளுக்குப் பாதி செய்தித்தாளை வைத்துக்கொண்டு, படிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இருவர் ஓட்டும் பழைய ஸ்டீல் மலை சைக்கிள் விற்பனைக்கு இருப்பதாக ஒரு விளம்பரத்தை அவள்தான் பார்த்தாள். "எனக்கு இதெல்லாம் தெரியாது, நீங்க வந்து பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டாள். யார் முன்னால், யார் பின்னால் என்ற பேச்சை அவளும் எடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

விற்பவர்கள் ஒரு பேக்கரிக்காரத் தம்பதி. கடையின் பின்கட்டில், மாவு மூட்டைகளுக்கும் காலி தட்டுகளுக்கும் நடுவே, மங்கிய பச்சை நிறத்தில் அது நீளமாகச் சாய்ந்து நின்றது. இரண்டு சீட், இரண்டு ஹேண்டில்பார், இரண்டு ஜோடி பெடல்.

"என்னம்மா இது, சைக்கிளா ரயிலா?" என்றார் வாத்தியார். குரலில் தன்னை மீறி ஒரு துள்ளல் வந்திருந்ததை அவள் கவனித்தாள்.

"எங்க மாமியார் இதப் பாத்துட்டு, ஒத்துமையா இருக்க ஒரு வண்டி, சண்ட போட ஒரு வண்டின்னு ரெண்டா வாங்கக் கூடாதான்னு கேட்டாங்க" என்றாள் பேக்கரிக்கார அம்மாள். "இவருக்கு முட்டி மடங்க மாட்டேங்குது. இல்லன்னா விக்க மனசு வருமா?"

உள்ளிருந்து மாவு பிசையும் இயந்திரத்தின் சத்தத்தையும் மீறி ஓர் ஆண் குரல் கேட்டது. "முட்டிதான் மடங்கல! காது நல்லா கேக்குது!"

வாத்தியார் மண்டியிட்டார். முன்சக்கரக் கவைக்கு மேலே, கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில் விரலை வைத்து மெதுவாக இழுத்தார். எங்கேயாவது பலமாக மோதியிருந்தால் அந்த இடத்தில்தான் பெயிண்ட் சுருங்கியிருக்கும். சுருக்கம் இல்லை. இடப்பக்கம் இரண்டு ஜோடி பெடல்களையும் இணைக்கும் தனிச் செயினை விரலால் தூக்கிப் பார்த்தார். தொய்வு அளவாக இருந்தது. பின்சக்கரத்தின் கம்பிகள் சாதாரண சைக்கிளைவிட நெருக்கமாக இருந்தன. ஒவ்வொன்றாகச் சுண்டினார். எல்லாம் ஒரே சுருதியில் பேசின.

பிறகு அங்கே கிடந்த ஸ்பேனரால் முன் சீட்டின் திருகைத் தளர்த்தி, கம்பியை உருவினார். பழைய வண்டிகளில் பலசமயம் அது துருவேறி, குழாயோடு குழாயாக ஒட்டிக்கொண்டிருக்கும். இது வெண்ணெயிலிருந்து கத்தியை உருவுவதுபோல் வந்தது. டாக்டர் டார்ச்சை அடித்து, கண்ணாடியைக் குழாய்க்குள் விட்டாள்.

"சொத்தை இருக்கா, டாக்டரம்மா?"

கொக்கியால் லேசாகச் சுரண்டினாள். "மேலாக்க கறைதான். வேர் கெட்டியா இருக்கு. ஒரு கிளீனிங் போதும்."

பேக்கரிக்கார அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வாத்தியார் சீட் கம்பியைத் திரும்பச் செருகினார். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே, "எந்த உயரத்துக்கு வெக்கட்டும்?" என்று கேட்டார்.

அவள் ஒரு கணம் தயங்கினாள். "என் இடுப்புக்கு வைங்க."

அவர் கை நின்றது. இவ்வளவு நேரம் பெட்டிக்குள் இருந்த பூனை வெளியே வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டதுபோல் இருந்தது. அவர் கம்பியை அவள் இடுப்பு உயரத்துக்கு இறக்கி, குத்துமதிப்பாக முறுக்கினார்.

"அப்ப நான் பின்னாடி. மூட்டை மாதிரி."

"நான் அப்படிச் சொன்னேனா?"

"சொல்லணுமா என்ன? மிதிக்கற மூட்டை. ஓட்டவும் வேணாம், பாக்கவும் வேணாம்." அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "நல்ல வண்டிதான்மா. நமக்கு வேண்டாம். கிளம்பலாம்."

கிளம்பலாம் என்றவர் கிளம்பவில்லை. எழும்போது அவர் பார்வை முன்சக்கரத்தின் பிரேக் கட்டையில் விழுந்தது. குனிந்தார். ரிம்மை நகத்தால் தடவினார். பின்சக்கரத்துக்குப் போய் அங்கேயும் தடவினார். வகுப்பில் யாராவது வரக்கூடாத விடையோடு வந்து நின்றால் அவர் முகம் எப்படி ஆகுமோ அப்படி ஆனது.

"இது மலைப்பக்கமே போனதில்லையோ?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? அந்தப் பெரிய இறக்கத்துல நாங்க இறங்காத வாரமே கிடையாது."

"அப்புறம் எப்படிம்மா? பெடல் தேஞ்சிருக்கு, செயின் சக்கரத்துல பல்லெல்லாம் தேஞ்சிருக்கு. பிரேக் கட்டை மட்டும் புதுசா இருக்கு. கட்டைய மாத்திட்டீங்கன்னே வெச்சுக்கலாம், ரிம்ல கோடு விழுந்திருக்கணுமே? ரெண்டு பேரு பாரம். எதை வெச்சு நிறுத்தினீங்க, காலைத் தேச்சா?"

பேக்கரிக்கார அம்மாள் உள்ளே ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"ஏங்க, இங்க பாருங்க" என்றாள் டாக்டர். கொக்கியின் முனையால் ஓர் ஒயரைத் தொட்டுக்கொண்டிருந்தாள். அது பின்சக்கரத்தின் நடுவிலிருந்து கிளம்பி, குழாயின் அடியில் பதுங்கி ஓடியது. சக்கரத்தின் மையத்தில், ரொட்டி டின் அளவுக்கு ஓர் உருண்டைப் பெட்டி. வாத்தியார் ஒயரை விரலால் பின்தொடர்ந்தார். அது முன் ஹேண்டில்பாருக்குப் போகவில்லை. பின் ஹேண்டில்பாரின் வலது பிடிக்குக் கீழே ஒரு லீவரில் போய் முடிந்தது. பெயிண்ட் முழுக்க உதிர்ந்து, விரல் படும் இடம் மட்டும் கண்ணாடியாய்ப் பளபளத்தது.

"அது என் பிரேக்" என்றாள் பேக்கரிக்கார அம்மாள், குரலைத் தாழ்த்தி. "முன்னாடி உள்ளதை இறக்கம் பூரா பிடிச்சா ரிம்மு சூடேறி டயரே வெடிச்சிடும் சார். இது சக்கரத்து நடுவுல அந்த டிரம்முக்குள்ள இருக்கு, ரிம்மைத் தொடாது. கீழ வர்ற வரைக்கும் பிடிச்சிக்கிட்டே வரலாம். அவரு கண்ணு பாதையில இருக்கும், என் கை இதுல இருக்கும். ஆனா நான் பிடிக்கறேன்னு அவருக்குத் தெரியாது. தானே அடக்கி ஓட்டறதா ஊரெல்லாம் பெருமை. போனாப் போறாருன்னு விட்டுட்டேன்."

வாத்தியார் அந்த லீவரை ஒருமுறை அழுத்தினார். விட்டார். மறுபடி அழுத்தினார்.

"கண்ணு வேணாமா இதுக்கு?"

"கண்ணைத் திறந்து வெச்சுத்தான் என்ன பாக்கறது, அவரு முதுகையா? சீட்டுலயே தெரியும் சார், வண்டி அடங்கி ஓடுதா, தறிகெட்டு உருளுதான்னு."

பிறகு வாத்தியார், "ஒரு தடவ ஓட்டிப் பாத்தா தப்பில்லயே?" என்று கேட்டார். மனைவியிடம் அல்ல, சைக்கிளிடம் கேட்பதுபோல்.

பின்கட்டுக் கதவுக்கு வெளியே ஒரு சந்து சரிந்து இறங்கியது. டாக்டர் முன்னால் ஏறினாள், அவர் பின்னால். தரையைக் கட்டைவிரல்தான் தொட்டது. நான்கு மிதி போவதற்குள் வண்டி இடப்பக்கம் சாய, இருவரும் காலை ஊன்றினார்கள்.

"சார், அந்த ஹேண்டிலைத் திருப்பாதீங்க! அது திரும்பாது!" என்று கத்தினாள் பேக்கரிக்கார அம்மாள்.

"நான் எங்க திருப்பினேன்?"

"நீங்கதான் திருப்பினீங்க" என்றாள் டாக்டர். "முதுகுல தெரிஞ்சுது. நான் இடது போனா நீங்க வலது போறீங்க."

"பழக்கம்டி."

"எனக்கும்தான் பழக்கமில்ல. முன்னாடி யாருமே இல்லாம நான் ஓட்டினதே இல்ல."

இரண்டாம் முறை அவர் உடம்பைத் தளர்த்திக்கொண்டார். வண்டி நேரானது. சரிவு ஆரம்பித்ததும் இரண்டு பேர் கனமும் சேர்ந்து இழுத்தது. மதில் சுவர்கள் வேகமாகப் பின்னால் போயின. எதிரே சாக்கடை மூடி ஒன்று உடைந்து குழிந்திருந்தது. சொல்ல வேண்டியது தன் வேலை என்பது அவளுக்குச் சட்டென்று உறைத்தது.

"பள்ளம்! வலது பக்கம் ஒதுங்கறேன்!"

பிரேக்குக்கு விரலை நீட்டினாள். விரல் லீவரைத் தொடும் முன்பே வண்டி, யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்ததுபோல், இதமாக அடங்கியது. குழியைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"போதுமா?" என்றது பின்னாலிருந்து அவர் குரல்.

"இன்னும் கொஞ்சம்... ம், இப்ப விடுங்க."

விட்டார். மறுபடி பிடித்தார். சந்தின் அடிவரை அப்படியே பேசிக்கொண்டு வந்தார்கள். கீழே நின்றதும் அவள் திரும்பிப் பார்க்க நினைத்தாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டதும் திரும்பாமல் இருந்துவிட்டாள்.

மூச்சிரைக்க மிதித்து மேலே வந்தபோது, முழங்கைவரை மாவோடு பேக்கரிக்காரர் கதவருகே நின்றிருந்தார்.

"சார் நல்லாப் பிடிக்கிறாரா?" என்று தன் மனைவியைக் கேட்டார். "உன்னளவுக்கு வருமா?"

அவள் திகைத்துப் போனாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"பின்ன? முன்னாடி கட்டை ஏன் தேயலன்னு நெனச்சே? நான் அதைத் தொட்டாத்தானே! நீ இருக்கேன்னுதான் நான் பாதைய மட்டும் பாத்தேன்."

"இத்தன வருஷத்துல ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"சொல்லி, நீ கோச்சுக்கிட்டு நடு இறக்கத்துல கையெடுத்துட்டா?"

"வீட்டுக்கு வாங்க, உங்களக் கவனிச்சுக்கறேன்" என்றாள் அவள். ஆனால் முகம் வேறு ஏதோ சொன்னது.

வாத்தியார் வண்டியைச் சுவரில் சாய்த்தார். லீவரை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார். "அண்ணே, இந்த நீள ஒயர் அறுந்தா வேற கிடைக்குமா?"

"ரெண்டு வாங்கி வெச்சிருக்கேன். சேத்தே தர்றேன்."

"ஏங்க" என்றாள் டாக்டர், "பாக்க மட்டும்தானே வந்தோம்?"

அவர் காதில் விழாததுபோல் சுற்றுமுற்றும் தேடினார். ஸ்பேனர் அவருடைய இடது காலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"இடது பக்கம்" என்றாள் அவள்.

அவர் முகம் சுருங்கவில்லை. எடுத்துக்கொண்டார். முன் சீட்டருகே போய்த் திருகைத் தளர்த்தினார்.

"உனக்குக் கால் எட்டவே இல்ல. இன்னும் ரெண்டு விரல் இறக்கணும். வந்து நில்லு, பாக்கலாம்."