ஆண் மடவை மட்டும்

1

2007இல், கும்மிடிப்பூண்டி ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண் போனில் சொன்னாள்: “அண்ணே, ஆம்பள மடவை மட்டும் எடுத்து வை. பொட்ட மீனு வேணாம்.” எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். ஹஸ்னா என்ற அவள் பெயர் உட்பட மீதியெல்லாம் நான் கட்டியது. வேதியியலைக்கூடத் தெரிந்தவர்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

2

ஹஸ்னா ஆய்வுக்கூடத்தில் மனமுடைந்து நின்று—

(வேண்டாம். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.)

ஹஸ்னா தொழிற்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள். அங்கே செய்யும் மூலக்கூறு இடது கை, வலது கை போல இரண்டு வடிவங்களில் பிறக்கும். ஒன்றுதான் மருந்துக்கு ஆகும், மற்றது வீண். டிஎன்ஏவின் முறுக்கில் தாமிரத்தைப் பொருத்தி வினையூக்கியாக்கினால் ஒரு கையே அதிகம் வரும் என்று வெளிநாட்டில் கண்டிருந்தார்கள். அதற்கான டிஎன்ஏவை அவர்கள் எடுத்தது சால்மன் மீனின் விந்துப்பையிலிருந்து. சால்மனுக்கு ஹஸ்னா எங்கே போவாள்? பழவேற்காட்டில் மீன் வியாபாரம் செய்யும் அண்ணன் மொஹசினிடம் விந்துப்பைக்காக ஆண் மடவை மீன் கேட்டாள்.

அவள் வேலைக்குப் போவது பிடிக்காமல் வெகுநாளாக அவன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

“நாங்க தூக்கிப் போடற பைய வச்சிக்கினு இன்னா பண்ணுவ?”

“மருந்துக்குண்ணே. நல்லா வந்தா சொல்றேன்.”

3

நன்றாகவே வந்தது. வேண்டிய கை முக்கால் பங்குக்கு மேல். மொஹசின் அதை மீன் ஏலத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தான்.

(ஒரு வரைவில் கதையை இங்கேயே முடித்தேன். படித்துப் பார்த்தால் எனக்கே பொய்யாகப் பட்டது.)

அடுத்த பெட்டி மீனில் மறுமுறை செய்தபோது இரண்டு கையும் சரிபாதி.

“மொதல்ல வந்தத மட்டும் காட்டும்மா,” என்றார் மேலாளர் மணவாளன். “இல்லன்னா இந்த ஆராய்ச்சியையே நிறுத்திடுவாங்க.”

“ரெண்டையும் காட்டறேன் சார். அதுக்கு முன்ன இன்னொரு வாட்டி செஞ்சிப் பாக்கறேன்.”

அவரிடம் சொல்வது சுலபமாக இருந்தது. அண்ணனுக்குப் போன் போடத்தான் கை வரவில்லை.

“இந்த வாட்டி சரியா வரலண்ணே.”

 மொஹசின், “அன்னிக்கி பொட்டில ஐஸ் கரைஞ்சிகினு இருந்திச்சி. பாத்துக்கினே அனுப்பிட்டேன். நாளைக்கி நானே எடுத்தாறேன்,” என்றான்.

4

கொண்டுவந்தான். அவளுடைய கம்பெனி வாசலை அவன் மிதித்தது அதுவே முதல் தடவை. முடிவு தெரியும் நாளில் திரும்பவும் வந்து நின்றான்.

ஹஸ்னா சிரித்தபடி வெளியே—

ஹஸ்னா தலையைக் குனிந்தபடி—

இரண்டையும் அடித்துவிட்டேன். அவள் எந்த முகத்தோடு வந்தாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, அவள் வாய் திறக்கும் முன் மொஹசின் சொன்னது மட்டும்தான்.

“இரு, சொல்லாத. மொதல்ல நீ ஏதாச்சும் துன்னியா?”