சிம்பிள் காயம்

மண்வெட்டிக் காம்பு மூன்றாவது தடவை இறங்கியபோதுதான், இது வெறும் மிரட்டல் இல்லை என்று கோபிக்கு உறைத்தது. முதல் அடி முதுகில். இரண்டாவது விலாவில். மூன்றாவது தலையில் விழுந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கி, வேர்க்கடலைச் செடியும் வரப்பும் ஒரே சிவப்பாகத் தெரிந்தன.

அடித்தவன் வேறு யாரும் இல்லை, சொந்தப் பெரியப்பா மகன் காசிநாதன். மாதனூருக்குப் பக்கத்தில் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த நிலம், நடுவில் ஒரே கிணறு. கோபி ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறவன். ஆறு நாளும் விடிந்தால் கம்பெனி பஸ் ஏறிவிடுவான். அதனால் ஞாயிறு தண்ணீர் அவனுக்கு, மற்ற நாள் காசிநாதனுக்கு என்று பெரியவர்கள் பேசி வைத்த முறை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் காசிநாதன் மடையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். கோபி போய் மடையை அடைத்தான். அவ்வளவுதான் நடந்தது.

கோபியின் மனைவி எழிலரசி ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். தலையில் ஒன்பது தையல். எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு எதுவும் முறியவில்லை. டாக்டர் சின்ன வயசுப் பெண். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். பயப்பட வேண்டாம், சிம்பிள் காயம்தான் என்றார். கோபி விலாவைப் பிடித்துக்கொண்டே, ஆமாம் மேடம், சிம்பிள்தான் என்றான். ஒரு பெண்பிள்ளை முன்னால் வலிக்கிறது என்று சொல்ல அவனுக்கு வெட்கம்.

எழிலரசிக்கு உயிர் திரும்பி வந்தது. பிளஸ் டூ படித்தவள். சிம்பிள் என்ற வார்த்தையால் அவளுக்கு இதுவரை ஒரு கெடுதலும் வந்தது கிடையாது. அவர்கள் கல்யாணமே விரிஞ்சிபுரம் கோயிலில் சிம்பிளாக நடந்த கல்யாணம்தான். ஊரில் ஒருத்தரை ரொம்ப சிம்பிளான மனுஷன் என்று சொன்னால் அது பெரிய மரியாதை. கோபிக்கு மட்டும் கம்பெனியில் அந்த வார்த்தை மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு. புது மாடல் வரும்போது சூப்பர்வைசர் 'சிம்பிள் வேலைதான்பா' என்றால், அன்றைக்கு டார்கெட் ஏறப்போகிறது என்று அர்த்தம்.

மறுநாள் கோபி தலையில் கட்டோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். காசிநாதன் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். கையில் விலங்கு இல்லை. ரைட்டர் ராமமூர்த்தி ஏதோ தாளில் அவனிடம் கையெழுத்து வாங்கி, நீ கிளம்பு என்றார்.

கோபிக்கு ஒன்றும் புரியவில்லை. ரைட்டர் அவனை உட்கார வைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"உனக்கு சிம்பிள்னு சர்டிபிகேட் வந்துருக்குப்பா. சிம்பிள்னா நாங்களே ஜாமீன் குடுத்துதான் ஆவணும். எலும்பு முறிஞ்சிருந்தாலோ, பல்லு ஒண்ணு போயிருந்தாலோ கிரீவியஸ், பெரிய காயம்னு எழுதியிருப்பாங்க. அப்ப உள்ள தள்ளியிருக்கலாம்."

"ஒன்பது தையல் சார்."

"தையல்லாம் கணக்கு இல்லப்பா."

வாசலில் காசிநாதன் பைக் மேல் உட்கார்ந்து காத்திருந்தான். ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "சிம்பிளாம்டா. வர்ற ஞாயித்துக்கெழம மடையத் தொட்டுப் பாரு. அதவிட சிம்பிளா முடிச்சிடறேன்."

அதைச் சொல்லும்போது அவன் கோபப்படவில்லை. அவன் சொன்னால் செய்வான்.

புதன்கிழமைக்குள் ஊரில் கோபிக்குப் பேரே சிம்பிள் என்று ஆகிவிட்டது. மருந்து வாங்கப் போனால், சிம்பிள் வந்துட்டாருப்பா, வழி விடுங்க என்றார்கள். ஒருத்தன், சிம்பிள் அண்ணே, தலைக்கு எண்ணெய் தேய்ச்சிங்களா என்று கேட்டான். கோபி எல்லாரோடும் சேர்ந்து சிரித்தான். ராத்திரியில் தூக்கம் மட்டும் வரவில்லை. ஞாயிறு கிட்டே வர வர, ரைட்டர் சொன்னதில் ஒன்றே ஒன்றுதான் மண்டைக்குள் நின்றது. ஒரு பல்.

சனிக்கிழமை மத்தியானம், லீவில் வீட்டில் இருந்தவன் வேலைப் பையைப் பிரித்துக் குறடு ஒன்றை எடுத்தான். ஷூ அச்சின் மேல் தோலை இழுத்து மடிக்கிற குறடு அது. பிடித்தால் விடாது. ஒரு பக்கம் சுத்தியல் மாதிரி இரும்புக் கட்டியும் இருக்கும். அதைத் துணியில் துடைத்துக்கொண்டே எழிலரசியிடம் விஷயத்தைச் சொன்னான். போன ஞாயிற்றுக்கிழமை விழுந்த குத்தில் பல் ஆடிக்கொண்டிருந்தது, இன்றைக்கு விழுந்துவிட்டது. யார் கேட்டாலும் இதையே சொல்ல வேண்டும் என்றான்.

அவள் முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். குறடு வாய்க்குள் போனதும் ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள்.

"வாணாங்க. பல்லப் புடுங்கினா தண்ணி வந்துடுமா?"

"அவன் உள்ள போவான்ல."

"கம்பெனி இருக்குது, நாம சம்பாரிச்சுக்கலாம். நெலத்த உட்டுத் தொலைங்க."

அவன் அவளை உதறித் தள்ளினான். அவள் அடுப்பு மேடை மேல் போய் விழுந்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கீழ்வரிசை முன்பல்லைக் குறடு கவ்வியது. முதல் இழுப்பில் நழுவி, பல் முனை உடைந்து நாக்கில் குத்தியது. காதுக்குள் யாரோ விறகு பிளப்பது போலச் சத்தம். இரண்டாம் முறை வேர் வரைக்கும் அழுத்திப் பிடித்து, தோலை இழுக்கிற மாதிரியே மணிக்கட்டைத் திருகி இழுத்தான். ஈறு கிழிந்து, பல் வெளியே வந்தது. அவன் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. சட்டை முழுக்க ரத்தம். அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

அந்த நேரம் பார்த்து, கோபியிடம் இருந்த கிணற்று மோட்டார் சாவியைக் கேட்கக் காசிநாதன் வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான். தரையில் பல், கையில் குறடு. புரிந்துகொள்ள அவனுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இன்னா சிம்பிளு, கேஸுக்கா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வந்து ஒடச்சிருப்பேனே."

கோபி எழுந்தது அவனுக்கே தெரியாது. குறட்டின் இரும்புக் கட்டி காசிநாதன் தாடையில் இறங்கியது. சிரித்த வாய் மூடவே இல்லை, ஒரு பக்கமாகத் தொங்கியது. இரண்டாவது அடி அதே இடத்தில். மூன்றாவது காதோரம். அவன் விழுந்த பிறகும் கோபி நிறுத்தவில்லை. மார்பு மேல் ஏறி உட்கார்ந்து அடித்தான். தடுக்க வந்த கையில் அடித்தான். விரல் ஒன்று பின்பக்கமாக வளைந்தது. எழிலரசி பின்னால் வந்து அவன் கழுத்தைக் கட்டி, தன் முழு பாரத்தையும் போட்டு இழுத்ததில்தான் குறடு கை நழுவியது. காசிநாதன் தொண்டையில் கொர்கொர் என்று சத்தம் வந்தது.

நூற்றெட்டு ஆம்புலன்ஸில் அவனையும் ஏற்றி, கூடவே கோபியையும் ஏற்றினார்கள். அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர். காசிநாதனைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து, தாடையைச் சேர்த்துத் துணி கட்டியிருந்தார்கள். அவனால் கண்ணை மட்டும்தான் உருட்ட முடிந்தது. தாடை இரண்டு இடத்தில் முறிவு, விரலும் முறிவு என்று டாக்டர் எழுதிக்கொண்டே, வாசலில் நின்ற கான்ஸ்டபிள் வேலுவிடம் இது கிரீவியஸ் என்றார். வேலு வந்து கோபியை ஒட்டி நின்றுகொண்டார்.

அப்புறம் டாக்டர் கோபியின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். இது எப்படிப் போனது என்று கேட்டார்.

கோபி தள்ளுவண்டியைப் பார்த்தான். காசிநாதனால் பேச முடியாது, மறுத்துச் சொல்ல ஆள் இல்லை. இப்போது சொன்னால் இரண்டு பேர் மேலும் ஒரே மாதிரி கேஸ். உள்ளே போனால் அவனும்தான் வருவான்.

"அவன்தான் மேடம். வூட்டுக்குள்ள வந்து குத்தினான். அதான் நானு திருப்பி அடிச்சேன்."

டாக்டர் எழுதினார். எழுதி முடித்து எழிலரசியைப் பார்த்து, நீங்கள் கூட இருந்தீர்களா என்று கேட்டார்.

எழிலரசி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முந்தானை முழுக்க ரத்தம். அதில் யார் ரத்தம் எது என்று பிரிக்க முடியாது.

"இருந்தேன் மேடம். அந்தப் பல்ல இவரேதான் புடுங்கினாரு. குறடு போட்டு இழுத்தாரு."

கோபி அவளை அடிக்கக் கையை ஓங்கிவிட்டான். வேலு பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தார். அப்போதும் கை அவள் முகத்துக்கு நேராகவே நின்றது. எழிலரசி ஒதுங்கவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

"அடிங்க. மேடம் எதிர்லயே அடிங்க. எனக்கும் சிம்பிள்னு எழுதிக்குவாங்க."

அவன் கை தானாகக் கீழே இறங்கியது. டாக்டர் எழுதிய வரியைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு எழிலரசிக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, புதுத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு, நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.