அவளுக்கு மட்டும் ஒரு ‘தி’

“பாப்பா, கொசு வேணுமா, வேண்டாமா?”

தையல்கடையின் பின்னறையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று பூவேலை மாஸ்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. திருதிருவென்று விழித்தேன். அவர் ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினார். ‘பேபிஸ் டவல்’ என்று ஆங்கிலத்தில் சாக்கட்டியால் எழுதியிருந்தது. ‘பேபி’க்குப் பின்னால் வரும் ‘எஸ்’ஸுக்கு முன்னால், மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னக் குறிக்குத்தான் இங்கே கொசு என்று பெயர்.

“வேணும் மாஸ்டர். அது இருந்தாத்தான் துண்டு குழந்தையோடதுன்னு அர்த்தம்.”

“இல்லேன்னா மட்டும் யாரு வந்து புடுங்கிட்டுப் போகப்போறா? எழுத்துக்குத்தான் காசு. கொசுவுக்கு எவனும் தர்றதில்ல. அந்த ஒரு பொட்டுக்கு மெஷினை நிறுத்தி, நூலை அறுத்து, திரும்ப ஊசியை இறக்கணும். கழுத்து ஒடியுது எனக்கு.”

அன்றிலிருந்து கொசு என் தலையில் விழுந்தது. எழுத்துக்குக் காசு என்பதால் வாடிக்கையாளர்கள் முதலில் வெட்டுவது இங்கிலீஷ் ‘தி’யைத்தான். மூன்று எழுத்து மிச்சமாகிறதே! ‘ஏ’ வேண்டும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம் முன்கடையில் ஒரு குரல் கேட்டது. ஊசி துணியிலேயே நின்றுவிட்டது. ரேடியோவின் குரல். பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். வாய் மூடவே மாட்டாள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். வாயே திறக்காததால் நான் ஊமைக்கோட்டான். ஆங்கில வகுப்பில் எழுந்து நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பத்தாம் வகுப்பில் ஒரு நாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, அப்படியே நின்றுவிட்டேன். ரேடியோ கொஞ்ச நாள் வீட்டுக்கு வந்து பார்த்தாள். பிறகு பரீட்சை, கல்லூரி என்று போய்விட்டாள். அதற்கப்புறம் எனக்குத் தோழி என்று யாரும் வாய்க்கவில்லை. நானும் தேடவில்லை. அவள் ஒருத்தி போதும், எங்கே இருந்தாலும் அவள் என்னவள்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள எழுந்தேன். துணிக் கட்டுகளுக்கு இடையில் பார்த்தபோது அவள் தனியாக வரவில்லை என்று தெரிந்தது. ஒரு நெட்டைப் பெண் அவள் தோளில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“அக்கா, என் கல்யாணத்தன்னிக்குக் காலைல எல்லாரும் ஒரே மாதிரி அங்கி போட்டுக்கப் போறோம்,” என்று கடைக்கார அக்காவிடம் ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தாள். “முதுகுல எழுதணும். பிரைட்ஸ் மதர், பிரைட்ஸ் சிஸ்டர், இப்படி.”

“முன்னாடி ‘தி’ வேணுமாம்மா? எழுத்துக்குக் காசு.”

“ஐயோ, எங்கம்மாவுக்கு ‘தி’ எதுக்கு? போட்டாலும் போடாட்டியும் அவங்கதான் அம்மா. இவளுக்கு மட்டும் போட்டுடுங்க. ‘தி பிரைட்ஸ் பெஸ்ட் ஃப்ரெண்ட்’. இல்லேன்னா என்னைத் தின்னுடுவா.”

நெட்டை சிரித்தாள். அழகான பல்வரிசை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. நான் மறுபடி உட்கார்ந்துகொண்டேன்.

மற்ற அங்கிகளை மாஸ்டர் எடுத்துக்கொண்டார். நெட்டையுடையதில் எழுத்து அதிகம் என்று என் பக்கம் தள்ளிவிட்டார். வழுக்குகிற பட்டுத்துணி. வளையத்தில் மாட்டி இழுத்தபோது இழுத்த இழுப்பில் கிழிந்தால் தேவலை என்றிருந்தது.

“என்ன பாப்பா, துணியை அப்படி முறைக்கிற? உன் மாமியார் புடவையா அது?”

“ஒண்ணுமில்ல மாஸ்டர்.”

‘தி’யை முடிக்க எவ்வளவு நேரமானது என்று தெரியாது. ஒவ்வொரு குத்துக்கும் ஒரு கேள்வி வந்தது. இவளுக்கு ரேடியோவின் அப்பா குறட்டை விடுவது தெரியுமா? இருட்டென்றால் ரேடியோ அழுவாள் என்று தெரியுமா? தெரிந்திருக்கும். எல்லாம் சொல்லியிருப்பாள். எனக்கு மட்டும் என்று சொன்னதையெல்லாம் இவளுக்கும் சொல்லியிருப்பாள். கோணல்மாணலாகத் தைத்துவிடலாமா என்று தோன்றியது. ஆனாலும் கை என் பேச்சைக் கேட்கவில்லை. எழுத்து ஒவ்வொன்றும் முத்து முத்தாக விழுந்தது. கொசுவைக்கூட மூக்குத்திப் பொட்டுப்போல் வைத்திருந்தது.

மாஸ்டர் சாப்பிடப் போனதும் அந்த அங்கியைப் போட்டுப் பார்த்தேன். கை விரல் நுனியையும் தாண்டித் தொங்கியது. எழுத்து முதுகில் இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. சட்டென்று கழற்றி மடித்து வைத்துவிட்டேன்.

அவர்கள் வாங்க வந்த அன்று அக்கா கடையில் இல்லை. நான்தான் அங்கிக் கட்டைத் தூக்கிக்கொண்டு முன்கடைக்கு வந்தேன். தலையை நிமிர்த்தாமல் மேஜைமேல் வைத்தேன்.

“ஏய்! ஊமைக்கோட்டான்! நீதானே?”

அடுத்த நொடி ரேடியோ மேஜையைச் சுற்றி ஓடி வந்து என்னை இறுக்கிக்கொண்டாள். அதே தேங்காயெண்ணெய் வாசனை. எனக்கு மூச்சு முட்டியது.

“எங்கடி தொலைஞ்ச நீ? உன் வீட்டுக்கு வந்தேன். பூட்டியிருந்துச்சு. மாறிட்டீங்கன்னு சொன்னாங்க.”

“வீடு மாத்திட்டோம்,” என்றேன். அதற்கப்புறமும் அவள் தேடி வந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

“இவ யாரு தெரியுமா?” என்று நெட்டையிடம் திரும்பினாள். “இங்கிலீஷ் டீச்சர் இவளை எழுப்பி விடுவாங்க. வாய் வராது. நான் பெஞ்சுக்கடியில கிள்ளுவேன். ஒரு கிள்ளு ‘ஏ’, ரெண்டு கிள்ளு ‘ஆன்’, மூணு ‘தி’. ஒருநாள் இவ வலி தாங்காம, ‘தி தி தி ஆப்பிள்’னு கத்திட்டா!”

“நீ நகத்தால கிள்ளின,” என்றேன்.

“பேசுறாடி! பார்றா, பேசுறா!”

ரேடியோ துணிமேஜைமேல் ஏறிச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள். டீச்சருடைய குடை, காவலாளியுடைய சைக்கிள், என்னுடைய கிழிந்த பை என்று யார் யாருடையதையோ இழுத்துப் போட்டுப் பேசினாள். நானும் பேசினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

“நானும் ஒண்ணு சொல்லவா?” என்று நெட்டை நடுவில் கேட்டாள். “நம்ம ஹாஸ்டல்ல—”

“இருடி, இதைக் கேளு முதல்ல,” என்று ரேடியோ அவள் கையைத் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

நெட்டையின் முகத்தைப் பார்த்தேன். பல்வரிசை மூடிக்கொண்டது. கீழுதடு உள்ளே போனது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். துணிக் கட்டுகளுக்குப் பின்னால் ஒரு மாதமாக நான் வைத்திருந்த முகம். பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. வெல்லக்கட்டியை வாயில் போட்டதுபோல இருந்தது. வேண்டுமென்றே இன்னொரு பள்ளிக் கதையை எடுத்தேன். ரேடியோ விழுந்து விழுந்து சிரித்தாள்.

நெட்டை மேஜையில் கிடந்த கட்டை மெதுவாகப் பிரித்தாள். அம்மாவுடையது, அக்காவுடையது, அத்தையுடையது என்று ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். தன்னுடையதை மட்டும் எடுத்து, எழுத்து உள்பக்கம் போகும்படி மடித்து, மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, ரேடியோ இன்னும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, படியிறங்கிப் போனாள்.