ரெண்டில் ஓடிய ஃபேன்

நெட்டில் கிடைத்த ஒரு பாட்டைப் போட்டுக்காட்டப் பிரவீன்குமார் போனை ஸ்பீக்கரில் மாட்டினான்.

"யாரோ புது ஆளு, பேரு கூடப் போடல. குரல்னா இது குரல்! ஞாயித்துக்கிழமை நெல்லிக்குப்பம் கச்சேரியில இதத்தான் நான் பாடப் போறேன். ஆளப் பிடிச்சு ஒரு வார்த்தை கேட்டுக்கணும்" என்றான் பிரவீன்.

அந்த ஆள் இனியன்தான், அவனுக்கு எதிரே கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

இந்த இசைக்குழுவில் பாட்டு எழுதுவது இனியன், பாடுவது பிரவீன். யார் பாட்டுப் போட்டாலும் அது குழுவுக்கே சொந்தம், தனியாக வெளியிட்டால் வெளியே போக வேண்டியதுதான் என்று ஆரம்பத்திலேயே பேசி வைத்திருந்தார்கள். பயிற்சியெல்லாம் பிரவீன் வீட்டுக் குவார்ட்டர்ஸின் பின்னறையில். கம்மாபுரத்திலிருந்து பஸ் ஏறி வரும் இனியனிடமும் ஒரு சாவி கொடுத்திருந்தான் பிரவீன், அவ்வளவு நம்பிக்கை.

இனியனுக்கு ஒரே ஆசைதான். தான் எழுதியதைத் தன் வாயால் ஒரு தடவையாவது பாடிவிட வேண்டும். ஆனால் குழுவை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. அதனால் ஒரு புதுப் பாட்டைத் தனியாகப் பாடி, பேர் போடாமல் நெட்டில் விட்டு, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தான்.

பிரவீன் பாட்டை ஓடவிட்டான். பாட்டுக்கு முன்னால் சின்ன மௌனம். அதில் டக், டக், டக், டக்.

டிரம்ஸில் இருந்த பிரபாவதியின் குச்சி தானாக எழுந்து சரியான இடத்தில் விழுந்தது. அவள் தன் கையையே முறைத்துப் பார்த்தாள்.

அந்த அறையின் பழைய ஃபேனை ரெண்டாம் நம்பர் வேகத்தில் வைத்தால் சுற்றுக்கு ஒரு தட்டுத் தட்டும். நாலு தட்டு எண்ணித்தான் எந்தப் பாட்டையும் தொடங்குவார்கள். பதிவு என்றால் தாளம் பிடிபட்டதும் ஒருவர் எழுந்து ஃபேனை அணைத்துவிட்டு வருவார். தனியாகப் பாடியவனுக்கு அணைக்க யார் இருந்தார்கள்? பாழாய்ப்போன பழக்கம்!

"ஏய், இது நம்ம ஃபேன்" என்றாள் பிரபாவதி.

பிரவீன் எழுந்து ஃபேனை ரெண்டில் போட்டான். அதே தட்டு. மெல்லத் திரும்பினான்.

"சாவி உங்கிட்டதான இருக்கு?"

"நான்தான் பாடனன்" என்றான் இனியன்.

"முதுகுல குத்திட்டியேடா! கேட்டா குடுத்திருக்க மாட்டேனா?"

"ரெண்டு வாட்டி கேட்டன். சிரிச்சிக்கினு போயிட்ட." இனியனுக்குக் கோபம் வந்தது. "ஃபேன் சத்தத்தக் கண்டுபுடிச்சிட்டீங்க. இத்தினி வருசமா கூடவே உக்காந்துகினு இருக்கறன், என் கொரலு தெரியலயே உங்களுக்கு!"

பிரபாவதி தலையைக் குனிந்துகொண்டாள்.

பிரவீன் தன் உயரத்துக்கு நின்ற மைக் ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தி, இனியனின் வாய்க்கு நேராக இறக்கினான்.

"ஞாயித்துக்கிழமை நீயே பாடு. பாடி முடிச்சதும் சாவியக் குடுத்துட்டுப் போயிரு."

ஃபேன் தட்டிக்கொண்டே இருந்தது. பிரபாவதி குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள். நாலு தட்டு முடிந்தது, இன்னொரு நாலும் முடிந்தது. ஆசைப்பட்ட மைக் முன்னால் நின்றும் இனியனுக்கு வாய் திறக்கவில்லை.