ஆறு மணிப் பால்

அப்துல் கையூம் விற்ற பால்மாவு டின்னின் மேல் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். கன்னம் இரண்டும் பன் ரொட்டி போல உப்பியிருக்கும். கழுத்து என்று ஒன்று இருப்பதற்கான அடையாளமே கிடையாது. நான்கு வருடமாகச் சிராங்கூன் சாலையிலிருந்து காத்தோங் வரை கடைகடையாக ஏறி இறங்கியும் அந்த மாதிரி ஒரு குழந்தையை கையூம் நேரில் பார்த்ததில்லை. கடைக்காரர்கள் அதைப் பற்றிக் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. வியாபாரத்தில் இப்படி இரண்டு பக்கமும் மரியாதை வேண்டும்.

ஐம்பத்தொன்பதில் அவனுக்கே ஒரு மகன் பிறந்தான். ஃபேரர் பார்க் பக்கம் ஒரு சின்னப் பிரசவ மருத்துவமனை. பிள்ளையின் காதில் பாங்கு சொல்லும்போது, கடைவாசல்களில் கத்திப் பழகிய குரல் அன்றைக்குப் பார்த்து நடுங்கியது. கம்பெனி முதலாளி கைகுலுக்கி, ஐந்து ராத்தல் டின் இரண்டை சிவப்பு ரிப்பன் கட்டிக் கொடுத்தார். உலகத்திலேயே பால் கவலை இல்லாத தகப்பன் தான் ஒருவன்தான் என்று கையூம் நினைத்துக்கொண்டான். மூன்று நாள் நினைத்துக்கொண்டிருந்தான்.

பிள்ளை தூங்கினான். அது ஒன்றைத்தான் செய்தான். குழந்தைகளையெல்லாம் கண்ணாடி போட்ட தனி அறையில் வைத்துக்கொண்டு, நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை தள்ளுவண்டியில் தாய்மாரிடம் கொண்டுவருவது அந்த மருத்துவமனையின் வழக்கம். மடியில் போட்டால் மகன் இரண்டு முறை சப்புவான், பெரிய மனிதன் மாதிரி ஒரு பெருமூச்சு விடுவான், உறங்கிவிடுவான். இருபது நிமிடத்தில் வண்டி திரும்ப வந்துவிடும். தங்கமான பிள்ளை, சத்தமே இல்லை என்று பார்க்க வந்தவர்களெல்லாம் மெச்சினார்கள். கையூமின் அக்கா ருக்கையா மட்டும் மெச்சவில்லை. பால் ஊறவில்லை, அதுதான் பிள்ளை வாயை எடுத்துவிடுகிறான் என்று கட்டிலருகில் நின்றே தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் மாலை கையூம் டின்களோடு வந்தபோது மனைவி சம்சுன்னிசா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நெஞ்சு இரண்டும் கல்லாகக் கனத்து, தொட்டால் உயிர் போகிறது. ஆனாலும் பிள்ளை குடிக்க மாட்டேன் என்கிறான். தன் பால்தான் அவனுக்குப் பிடிக்கவில்லையோ என்று தலையணை நனைந்திருந்தது. கையூம் அவளைத் தேற்ற நினைத்தான். தேற்றத் தெரியாதவன் எதைச் சொல்வானோ அதையே சொன்னான். கவலை எதற்கு, நம்மிடம் டின் இருக்கிறதே.

அவள் திரும்பி, ரிப்பனைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"ஊருக்கெல்லாம் குடுங்க மச்சான். எம் புள்ளைக்கு நான் குடுக்கணும். நாளன்னிக்கு வீட்டுக்கு அனுப்பிருவாங்க. அதுக்குள்ள அவன் எங்கிட்ட குடிக்கலன்னா, அப்புறம் எப்பவும் டின்னுதான்."

டின்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு கையூம் வீட்டுக்கு நடந்தான். மறுநாள் தேக்கா சந்தையில் ஒரு மீன்காரர் விடாமல் எல்லாரிடமும் பால்சுறா கேட்டான். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுத்தால் பால் பெருகும் என்பது அவனுக்குக்கூடத் தெரியும். நான்கு வருடமாக அவனுடைய பெரிய எதிரியே அந்த மீன்தான். சுறாவுக்கு விளம்பரமும் கிடையாது, காலண்டரும் கிடையாது. அப்படியும் பாதி வீடுகளில் அதுதான் ஜெயித்தது. கடைசியில் ஒரு சீனக் கிழவர் கிடைத்தார். இவன் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்து, ஒரு துண்டு கூடவே வைத்துக் கட்டினார்.

பக்கத்து வீட்டில் புட்டாக்கி வாங்கிய தூக்குச்சட்டியோடு ஐந்து மணிக்கு மருத்துவமனைப் படியேறியவனை வார்டு ஆயா பூவம்மா மறித்தாள். இருபது வருடமாகப் பிள்ளைகளைத் தூக்கிய கை அவளுக்கு. சட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

"மணமா இருக்கு தம்பி. ஆனா உங்க சம்சாரத்துக்குப் பால் கொட்டுது. மகனுக்குத்தான் பசியில்ல. பந்தியில மூக்குமுட்டத் தின்னுட்டு வந்தவனுக்கு மறுபடி இலை போட்டா உக்காருவானா?"

கையூமுக்குப் புரியவில்லை. பூவம்மா அவனைப் பின்கட்டு வழியாகக் கூட்டிப்போய், கண்ணாடி அறைக்குப் பக்கத்து அறையைக் காட்டினாள். பன்னிரண்டு பாட்டில்கள் வரிசையாக இருந்தன. வண்டியில் ஏற்றும் முன் பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு அவுன்ஸ் டின் பால். அப்போதுதான் வழியில் கத்தாமல் வருமாம். போன மாதத்திலிருந்துதான் இந்த ஏற்பாடு என்றாள். அலமாரியில், கன்னம் உப்பிய அதே குழந்தை ஆறு டின்களில் சிரித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றிலும் கையூமின் கையெழுத்து: அன்பளிப்பு.

அவனுக்கு நினைவு வந்தது. போன மாதம் இதே கட்டடத்தில் தாதிகளுக்கு முன்னால் நின்று பேசியவன் அவன்தான். பிள்ளை வயிறு நிறைந்தால் வார்டு நிம்மதி என்று அடித்துப் பேசினான். எல்லாரும் கை தட்டினார்கள். வாழ்க்கையில் அவன் பேசிய ஒரே நல்ல பேச்சு. அதை மட்டும் யாரும் காதில் வாங்காமல் இருந்திருக்கக் கூடாதா?

வார்டுப் பொறுப்பிலிருந்த சிஸ்டர் லிம்மிடம் போய் நின்றான். மலாயில் ஆரம்பித்து, தடுமாறி, ஆங்கிலத்துக்குத் தாவி, என் பிள்ளைக்கு மட்டும் பாட்டில் வேண்டாம் என்றான். அவன் வேடிக்கை பேசுகிறான் என்று நினைத்து சிஸ்டர் சிரித்தார். மூன்று மாதத்துக்கு உன் கம்பெனியில் ஆர்டர் போடத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், விற்கிறவனே வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். அந்த ஆர்டருக்காக கையூம் மூன்று மாதம் அலைந்திருந்தான்.

"நல்ல பால்தான் சிஸ்டர். என் பிள்ளைக்கு வேண்டாம்."

சொல்லிவிட்டு, இதைச் சொன்னது யார் என்று அவனே திரும்பிப் பார்க்காத குறை.

சிஸ்டர் சிரிப்பதை நிறுத்தினார். ஆறு மணிக்கு ஒரு வேளை பார்க்கலாம் என்றார். குடித்தால் சரி, குடிக்காவிட்டால் பாட்டில். ஒரு பிள்ளை அழுதால் பன்னிரண்டும் எழுந்துகொள்ளும். அதை நீயே நின்று கேள் என்றும் சொன்னார்.

கேட்டான். ஐந்தே காலுக்குச் சிணுங்கலாகத் தொடங்கியது ஐந்தரைக்கு ஊரைக் கூட்டியது. நான்கு நாளாகப் பெருமூச்சு விட்ட பெரிய மனிதன், முகம் சிவந்து, முஷ்டியைக் கடித்துக்கொண்டு கத்தினான். ஒவ்வொன்றாக மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டன. கையூமின் கால் தானாகப் பாட்டில் அறைப் பக்கம் நடந்தது. கதவில் பூவம்மா கையைக் குறுக்கே வைத்து நின்றாள்.

"பசிக்கட்டும் தம்பி. பசிதான் இப்ப மருந்து. உக்காருங்க."

உட்கார்ந்தான். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

ஆறு மணிக்கு வண்டி ஓலமிட்டுக்கொண்டு போனது. சம்சுன்னிசாவின் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்தார்கள். கையூம் இந்தப் பக்கம் நின்றான். அந்தப் பக்கம் பூவம்மாவின் குரல் மட்டும் கேட்டது. வெந்நீர்த் துணி போட்டு முதலில் கொஞ்சம் பிழிந்து விடு, இவ்வளவு கல்லாக இருந்தால் பிள்ளை வாய்க்குப் பிடிபடாது என்றாள். பிள்ளையின் வயிறு உன் வயிற்றோடு ஒட்டட்டும் என்றாள். நீ குனியாதே, அவனை உன்னிடம் கொண்டுவா. நுனியை மட்டும் கொடுக்காதே, வாய் நிறையக் கொடு. மகன் இரண்டு முறை நழுவி, இரண்டு முறையும் வீறிட்டான். கட்டில் உயரம், சம்சுன்னிசா குட்டை. கால் அந்தரத்தில் ஆட, மடி சரிந்துகொண்டே போனது. பூவம்மா கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். ஏதோ உருண்டு வரும் சத்தம் கேட்டது.

மூன்றாம் முறை வீறிடல் பாதியில் நின்றது.

கையூம் திரையருகே காதைக் கொண்டுபோனான். பிறகு ஒரு சின்னச் சத்தம்: மடக், மடக் என்று, சீராக, அவசரமாக. வெகுநேரத்துக்கு வேறெதுவும் இல்லை.

"மச்சான்," என்றாள் சம்சுன்னிசா திரைக்குள்ளிருந்து, தாழ்ந்த குரலில். "குடிக்கிறான். இந்தப் பக்கம் குடிக்க, அந்தப் பக்கமும் வழியுது."

பூவம்மா திரையை ஒரு முழம் விலக்கி, பார்த்துக்கொள் என்பது போல நகர்ந்தாள். மகன் கண்ணை இறுக மூடிக்கொண்டு வேலையில் இருந்தான். சம்சுன்னிசாவின் பாதங்கள் இரண்டும் ஐந்து ராத்தல் டின்களின் மேல், ரிப்பனோடு, உறுதியாக ஊன்றியிருந்தன. கன்னம் உப்பிய குழந்தை அவள் பெருவிரலுக்குக் கீழே சிரித்தது. கையூமுக்கு அதன் மேல் கோபம் எதுவும் வரவில்லை. நல்ல கனமான டின், ஆடாமல் நிற்கிறது.

பின்னால் சிஸ்டர் லிம் வந்து எட்டிப் பார்த்தார். தொட்டிலில் மாட்டும் அட்டையில் 'பாட்டில் இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார்.

"பசிக்குது," என்றாள் சம்சுன்னிசா. "சுறாப்புட்டு கொண்டாந்தீங்களாமே. பூவம்மாக்கா சொன்னாங்க."

கையூம் தூக்குச்சட்டியைப் பார்த்தான். ஐந்தரையிலிருந்து ஆறு வரை, அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு, கை என்ன செய்கிறது என்று தெரியாமலே அவன் அடிச்சட்டி வரை வழித்துத் தின்றிருந்தான்.

பூவம்மா சட்டியை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"சரி. சுறா தம்பி வயித்துக்குள்ள போயிருச்சு. அம்மாகிட்ட பத்தலன்னா புள்ளைய தம்பிகிட்ட அனுப்புறேன்."

சம்சுன்னிசா சிரித்ததில் மடி குலுங்கி மகனின் வாய் நழுவியது. அவன் ஒரு அதட்டல் போட்டு, தானே தேடிப் பிடித்துக்கொண்டான்.