பட்டாணிக்கு ஒரு வண்டி

கார் வாங்கப் போகிற வீட்டில் எந்தக் கலர் என்பதில்தான் வழக்கமாகச் சண்டை வரும். பட்டாணியின் வீட்டில், எந்தப் பக்கம் இடித்தால் எவ்வளவு நசுங்கும் என்பதில் வந்தது.

எல்லாம் அப்பாவின் தொழில் செய்த வேலை. அவர் இன்ஷூரன்ஸ் சர்வேயர். விபத்தில் சிக்கிய வண்டிகளை ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பாகப் போய்ப் பார்த்து, எதைத் தட்டிச் சரிசெய்யலாம், எதை மாற்ற வேண்டும், எது இனிமேல் தேறாது என்று சொல்கிறவர். முழுசாக இருக்கிற காரை அவர் உற்றுப் பார்த்தே பல வருடம் ஆகியிருக்கும். ரோட்டில் ஒரு வண்டி பளபளவென்று போனால் மற்றவர்களுக்கு அதன் அழகு தெரியும். அவருக்கு, அதே வண்டி மின்கம்பத்தில் மோதி நின்றால் எப்படியிருக்கும் என்று தெரியும்.

பட்டாணி அவருடைய ஒரே மகள். வயது பதினெட்டு. அம்மாவின் தோளுக்குக்கூட எட்டமாட்டாள். அம்மாவும் அப்படியொன்றும் நெட்டையில்லை. பிறந்த அன்று தொட்டிலில் எட்டிப் பார்த்த மாமா, "என்னக்கா, பட்டாணி சைஸ்ல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது வங்கிக் கணக்கிலும் லைசென்ஸிலும் மட்டும்தான் அவளுக்கு வேறு பெயர்.

லைசென்ஸ் போன மாதம்தான் வந்தது. அதே வாரம் வேலையும் வந்தது. ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையைத் தாண்டி இருக்கும் விலங்கு மருத்துவமனையில் பயிற்சி உதவியாளர். பத்து வயதிலிருந்து நொண்டுகிற நாய், பறக்காத புறா என்று எதையாவது வீட்டுக்குத் தூக்கி வந்துகொண்டிருந்தவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரே ஒரு சிக்கல். காலை ஆறு மணிக்குக் கூண்டுகளைச் சுத்தம் செய்து, தீனி போட்டாக வேண்டும். அந்தப் பக்கம் முதல் பஸ்ஸே எட்டு மணிக்குத்தான். அப்பாவிடம் இருப்பது ஆபீஸ் கார். விடிந்ததும் அது எந்தத் திசைக்கு ஓடும் என்று அவருக்கே தெரியாது.

மருத்துவமனை டாக்டரம்மா வளைத்துப் பேசுகிறவர் இல்லை. "ஒண்ணாந்தேதி காலைல ஆறு மணிக்கு வர முடியும்னா வா. முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. அடுத்து ஒரு பொண்ணு காத்துட்டிருக்கா."

வந்துவிடுவேன் என்று பட்டாணி சொல்லிவிட்டாள். கார் இல்லாமலே சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து தேடல் தொடங்கியது. தேடல் என்றால் நான்கு பேரும் சேர்ந்து போவது. அப்பா, அம்மா, பட்டாணி, அப்புறம் மாமா. அம்மாவின் தம்பியான மாமாவுக்குக் காரைப் பற்றித் தெரியாதது கிடையாது. எந்தக் கம்பெனி எந்த வருடம் எந்த எஞ்சினை மாற்றியது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஓட்ட மட்டும் தெரியாது. லைசென்ஸ் டெஸ்டில் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று அவர் வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றுவிடும். அவர் கணக்குப்படி தப்பு அவருடையது இல்லை.

மாமா முதலில் காட்டியது இரண்டே கதவு வைத்த ஒரு மஞ்சள் வண்டி. நிற்கும்போதே ஓடுவது போலிருந்தது. அப்பா அதைச் சுற்றிக்கூட வரவில்லை. இதே மாதிரி ஒன்றைப் போன மாதம் கால்வாயிலிருந்து கிரேன் வைத்துத் தூக்கினோம் என்றார். தெருமுனை மருந்துக்கடைக்காரர் விற்கப் போட்டிருந்த சிவப்பு வண்டியைப் பார்த்தார்கள். அப்பா கதவைத் தட்டிப் பார்த்து, பிஸ்கட் டின் என்று சொல்லிவிட்டார். அடுத்து பார்த்தது வெள்ளையில் ஒரு நான்கு கதவு வண்டி. ஒரு நடன டீச்சருடையது. சின்னது, சுத்தமானது, பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, ஏர்பேக்கெல்லாம் சரியாக இருக்கிறது. டீச்சர் டீயெல்லாம் கொடுத்தார். டீயைக் குடித்துவிட்டு, லாரி வந்து பின்னால் தட்டினால் இதில் மிச்சம் என்ன இருக்கும் என்று அப்பா கேட்டார். டீச்சர் முகத்தில் ஈ ஆடவில்லை. வெளியே வந்ததும் அம்மா அவரைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள்.

"விக்க வந்தவங்ககிட்ட போய்ப் பேசற பேச்சா இது? கல்யாண வீட்டுக்குப் போனாலும் எந்தத் தூண் இடிஞ்சு விழும்னுதான் பாப்பீங்க போல."

"பாக்கறதுல என்னம்மா தப்பு?"

"அத்தான், இப்படியே போனா பட்டாணிக்கு நீங்க மிலிட்டரி டாங்கிதான் வாங்கணும்" என்றார் மாமா.

அப்பா கோபப்படவில்லை. அந்த யோசனை அவருக்குப் பிடித்திருந்தது போலவே இருந்தது.

நாள் ஓடியது. பட்டாணி முதலில் கெஞ்சினாள், அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள், அப்புறம் பேச்சையே குறைத்துக்கொண்டாள். ஒண்ணாந்தேதி திங்கட்கிழமை. அதற்கு முந்தின சனிக்கிழமை காலையில், சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை நகர்த்திவிட்டு, அமைதியாக ஒரு விஷயம் சொன்னாள். இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் எதுவும் முடிவாகாவிட்டால் டாக்டரம்மாவுக்கு போன் பண்ணி, அந்த இன்னொரு பொண்ணைக் கூப்பிட்டுக்கச் சொல்லிவிடுவதாக. அழவில்லை. அழுதிருந்தால் அப்பா சமாளித்திருப்பார். அவள் அப்படிச் சாதாரணமாகச் சொன்னதில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"கிளம்புங்க. நான் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன்" என்று எழுந்தார்.

பழைய கார் விற்கும் யார்டு. வாசல் குறுகல், உள்ளே நெருக்கிப் பிடித்து நிற்கும் வண்டிகள், ஒரு மூலையில் பழைய டயர்களின் அடுக்கு, இன்னொரு மூலையில் தகரக் கூரை போட்ட ஆபீஸ் அறை. நடுவே நின்றது அப்பா பார்த்து வைத்த வண்டி. கட்டட கான்ட்ராக்டர் ஒருவர் வைத்திருந்தது. கரும்பச்சை நிறம். சக்கரமே பட்டாணியின் இடுப்பளவு இருந்தது. அப்பா அதன் கதவைத் திறந்து மூடிக் காட்டினார். பாங்கு லாக்கரைச் சாத்துகிற சத்தம் வந்தது.

"இதை நான் மூணு தடவை ஒர்க்‌ஷாப்ல பாத்திருக்கேன்" என்றார், ஏதோ நல்ல குடும்பத்து வரனைப் பற்றிச் சொல்வது போல. "இதே மாடல். மூணு தடவையும் உள்ள இருந்தவங்களுக்கு ஒரு கீறல் இல்ல."

"எதிர்ல வந்தவங்களுக்கு?" என்றாள் அம்மா.

அப்பா கதவை இன்னொரு தடவை திறந்து மூடிக் காட்டினார்.

வழக்கம்போல ஏறினார்கள். அப்பா ஸ்டீயரிங்கில், அம்மா பக்கத்தில், பட்டாணி அம்மாவுக்குப் பின்னால், மாமா அவளை ஒட்டி. பட்டாணி கைக்குழந்தையாக இருந்தபோது ஆரம்பித்த வரிசை இது. பஸ் ஸ்டாண்டுக்குப் போனாலும், கார் பார்க்கப் போனாலும் இதுதான். யாரும் யாரையும் அங்கே உட்காரச் சொன்னதில்லை. அவரவர் கதவு அவரவருக்குத் தெரியும். யார்டைச் சுற்றி இரண்டு தெரு ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, அப்பா திருப்தியாக இறங்கினார். முன்பணம் கொடுக்க அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆபீஸ் அறைக்குப் போனார். சாவி வண்டியிலேயே இருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. பச்சை வண்டி வழியில் நின்றது. கொஞ்சம் முன்னால் நகர்த்துங்க என்று லாரி டிரைவர் கை காட்டினார். மாமா பட்டாணியைப் பார்த்தார். பட்டாணி மாமாவைப் பார்த்தாள்.

"என்னை ஏன் பாக்கற? லைசென்ஸ் உங்கிட்டதானே இருக்கு" என்றார் மாமா.

பட்டாணி டிரைவர் சீட்டில் ஏறினாள். சீட்டைக் கடைசி வரை முன்னால் இழுத்தாள். அப்படியும் கிளட்ச் நுனிக்காலுக்குத்தான் எட்டியது. முதுகை நிமிர்த்தி, தாடையைத் தூக்கி, ஸ்டீயரிங்குக்கு மேலே எட்டிப் பார்த்தபடி மெதுவாக விட்டாள். டிரைவிங் ஸ்கூலின் குட்டிக் காரில் ஒரே தடவையில் டெஸ்ட் பாஸ் செய்தவள் அவள். கியர் சரியாக விழுந்தது. வண்டியும் அடக்கமாகத்தான் நகர்ந்தது. நகர்ந்து போய் டயர் அடுக்கில் முட்டியது. உச்சியில் இருந்த டயர் ஒன்று இறங்கி, நிதானமாக உருண்டு, ஆபீஸ் வாசலில் போய்ப் படுத்தது.

அப்பா வெளியே வந்தார். அவர் கண்ணில் முதலில் பட்டது வண்டிதான். உள்ளே ஆள் இல்லாத வண்டி. அப்புறம்தான் ஸ்டீயரிங்குக்கு மேலே கொஞ்சம் தலைமுடியும் இரண்டு கண்ணும் தெரிந்தன.

வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைப் பார்க்க அவர் குனியக்கூட இல்லை. நேரே மகளிடம் வந்தார்.

"டயர் தெரியலையா?"

"தெரியலப்பா. பானெட் தெரியுது. அதுக்கு அப்புறம் வானம்தான் தெரியுது."

அவளை இறங்கச் சொல்லிவிட்டு அப்பா அந்த சீட்டில் ஏறினார். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. அப்படியே சரிந்து, சரிந்து, தன் கண் மகளின் கண் இருந்த உயரத்துக்கு வரும் வரை கீழே இறங்கினார். அங்கிருந்து முன்னால் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

பார்க்கல சார். திடீர்னு வந்துடுச்சு சார், தெரியல சார். எத்தனை ஒர்க்‌ஷாப் வாசலில், கட்டுப் போட்ட கையோடு எத்தனை பேர் அவரிடம் இதைச் சொல்லியிருப்பார்கள். எல்லாரும் சொல்கிற சாக்கு என்று தலையாட்டிவிட்டு, நசுங்கின தகரத்தைப் பார்க்கப் போய்விடுவார். இடித்த பிறகு என்ன ஆகும் என்பதுதான் அவர் வேலை. அதற்கு முந்தின நிமிஷம் அவர் வேலையில் இல்லவே இல்லை.

"இந்த ரெண்டு வாரத்துல பாத்த வண்டில எதுலயாவது நீ முன்னாடி உக்காந்தியா?" என்று கேட்டார், இன்னும் சரிந்தபடியே.

"நீங்க இறங்கினாத்தானேப்பா."

மாமா சிரிக்கப் பார்த்து, அக்காவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். அம்மாவின் முகம் போன போக்கு அப்படி. அம்மா பெரிய செருப்புக் கடை ஒன்றில் குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவள். பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு ஷூ வாங்க வருகிறவர்களை அவள் சும்மா அனுப்பியதே கிடையாது.

"அளவு தெரியும், நீங்க குடுங்கன்னு வந்து நிப்பாங்க. போட்டு நடக்க வேண்டியது நீங்களா, புள்ளையான்னு கேட்டுத் திருப்பி அனுப்புவேன். தினம் கேக்கறேன்" என்றாள். "எனக்கும்ல தோணாமப் போச்சு."

அப்பா மெல்ல நிமிர்ந்து, ஒவ்வொரு காலாக வெளியே எடுத்து இறங்கினார். யார்டுக்காரரிடம், இந்த வண்டி வேண்டாம் என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, டயரைத் தானே உருட்டிக்கொண்டு போய் அடுக்கில் வைத்தார். பிறகு போனை எடுத்து நடன டீச்சரைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவர் மூன்று முறை "தப்புதாங்க" என்றார். கடைசியில், "இல்லைங்க, இந்தத் தடவை நான் வாயே திறக்க மாட்டேன்" என்றார்.

வெள்ளை வண்டியின் டிரைவர் சீட்டில் பட்டாணி உட்கார்ந்தாள். அம்மா ஜன்னல் வழியே குனிந்து, கால் எட்டுகிறதா, முட்டி இடிக்கிறதா, கழுத்தைத் திருப்பினால் பின்னால் தெரிகிறதா என்று கடையில் கேட்பது போலவே கேட்டாள். அப்பா வண்டிக்கு முன்னால் போய்க் குந்தினார்.

"தெரியறேனா?"

"தெரியறீங்க."

இன்னும் ஓரடி முன்னால் வந்து குந்தினார். "இப்ப?"

"வழுக்கை தெரியுதுப்பா."

டீச்சர் சிரித்துவிட்டார். அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு அதோடு மன்னிப்பு கிடைத்தது. பட்டாணி தெருவை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தாள். ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடிக்கவில்லை, தாடையைத் தூக்கவில்லை. சீட்டில் சாய்ந்து, கையைத் தளர்த்தி வைத்து, தெருவைப் பார்த்து ஓட்டினாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்த்த யாருக்கும் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. லாரியைப் பற்றிக் கேட்க அப்பாவுக்கு மட்டும் வாய் வரை வந்தது. ஆனால் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். டயர், பெல்ட், விளக்கு, கதவு, பூட்டு என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, பணத்தையும் கொடுத்து முடித்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்திகை. மருத்துவமனை வரை பட்டாணி ஓட்ட வேண்டும். அம்மா முன்னால். அப்பா பின்னால், முழங்கால் தாடைக்கு அருகில். மாமாவை வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தார்கள். பேசிக்கொண்டே வருவார் என்று.

நெடுஞ்சாலை வந்ததும் அப்பா முன் சீட்டைப் பிடித்துக்கொண்டார். ஒரு டேங்கர் லாரி பின்னால் வந்தது. பட்டாணி கண்ணாடியில் பார்த்தாள், சிக்னல் போட்டாள், இடது ஓரமாக ஒதுங்கி வழி விட்டாள். டேங்கர் முழங்கிக்கொண்டு கடந்து போனது.

"பாத்துட்டேன்ப்பா" என்றாள், அவர் கேட்பதற்கு முன்னாலேயே.

அப்பா சீட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தார். சாலையோரம் சூரியகாந்தி வயல். இந்த வழியில் எத்தனையோ தடவை போயிருக்கிறார். வயல் இருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

விலங்குகளுக்கு ஞாயிறு கிடையாது. டாக்டரம்மா வாசலிலேயே, ரப்பர் பூட்ஸோடு நின்றிருந்தார். யார் கொண்டுவந்து விட்டது என்று கேட்டார். நான்தான் ஓட்டிட்டு வந்தேன் டாக்டர் என்றாள் பட்டாணி. டாக்டரம்மா வண்டியை ஒரு பார்வை பார்த்தார். நல்ல வண்டி என்றோ, மோசம் என்றோ சொல்லவில்லை.

"வந்ததே வந்த. உள்ள ஒரு கன்னுக்குட்டி நிக்க மாட்டேங்குது. வந்து தலையைப் பிடி."

பட்டாணி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஓடினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்பாவும் இறங்கப் பார்த்தார். பின் கதவு திறக்கவில்லை. கைப்பிடியை இழுத்தார், தோளால் தள்ளினார். ஓடுகிற வண்டியில் குழந்தைகள் கதவைத் திறந்துவிடாமல் இருக்கப் போடுகிற பூட்டு. நேற்றுச் சோதித்தபோது அவரே போட்டுவிட்டது.

"வெளிய இருந்து கொஞ்சம் திறந்து விடேன்மா."

அம்மா இறங்கவில்லை. சீட்டைப் பின்னால் சாய்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டிக்கொண்டாள். வெயில் இதமாக இருந்தது. உள்ளேயிருந்து பட்டாணியின் குரலும், அதைவிடச் சத்தமாகக் கன்றுக்குட்டியின் குரலும் கேட்டன.

"என்ன அவசரம்? டிரைவர் வரட்டும்" என்றாள்.